சக்கரக் குடத்தில் கசியும் எண்ணெய்

தாத்தா காலத்துக் கார் ஒன்று வீட்டில் இருக்குமானால், அதைப் பற்றி ஓரளவு அறிந்திருக்க வேண்டியவர் அதை ஓட்டுபவர் மாத்திரமல்லர். அதில் ஏறி உட்காரும் ஒவ்வொருவருமே ஆவர். ஆகையால் இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் கறாஜுக்கு மட்டுமே உரியது என்று எண்ணி, நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பின் சக்கரத்தின் உட்புறத்திலும், ரயரின் பக்கவாட்டிலும் கறுப்பாக ஈரம் படர்ந்திருப்பதைக் கண்டு, "பழைய கார்தானே, எண்ணெய் கசியாமலா இருக்கும்?" என்று சொல்லிவிடுவோர் பலர். அந்த ஈரம் எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதை அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார்.

மாத்தளை மாவட்டத்தில் வாழ்வோருக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புறைப் பக்கமாக இறங்கும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது என்ஜின் உழைக்கிறது; இறங்கும்போது பிறேக் உழைக்கிறது. ஒரு சிறு காரும், அதிலுள்ள குடும்பமும், சாமான்களும் சேர்ந்து 1000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 1000 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், ஏறத்தாழ 30 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் ஒரு பகுதியைத் தாழ்ந்த கியரில் ஓடும் என்ஜின் வாங்கிக்கொள்ளும். ஒரு பகுதி காற்றுடனும் பாதையுடனும் உராய்ந்து கழியும். எஞ்சியதையெல்லாம் நான்கு சக்கரங்களிலுமுள்ள பிறேக் லைனிங்குகளே தாங்க வேண்டும். பின் சக்கரத்தில் கசியும் எண்ணெய் போய்ச் சேரும் இடம் அந்த லைனிங்தான்.

ஒரே குடும்பத்துக் கார்கள்

1958 மே மாதத்தில் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பறேசன் நிறுவனம் ஒஸ்டின் ஹீலி ஸ்பிறைட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. முன்மூடியின் மேல் இரு விளக்குகளும் துருத்திக்கொண்டு நின்றமையால் அதைத் தவளைக்கண்ணன் என்று பலர் செல்லமாக அழைத்தனர். விலையைக் குறைத்து வைப்பதற்காக, அதன் உறுப்புகளிற் பலவற்றை அந்நிறுவனத்தின் சாதாரண குடும்பக் கார்களிலிருந்தே எடுத்துக்கொண்டனர். 948 கன சென்டிமீற்றர் என்ஜின் மொரிஸ் மைனர் 1000 வண்டியின் என்ஜினுக்குச் சகோதரம்; ஸ்டியறிங் அமைப்பு மைனருடையது; முன் சஸ்பென்ஷன் ஒஸ்டின் ஏ35 காருடையது. பின் அச்சும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். 1961இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட்டும் இதே குடும்பத்துப் பிள்ளை.

எனவே ஸ்பிறைட் வைத்திருக்கும் வாலிபருக்குச் சொல்லும் புத்திமதி, மைனர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் பெரும்பாலும் பொருந்தும். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் நம் நாட்டில் எத்தனை குடும்பங்களைச் சுமந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990களில் அதன் உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கும் முயற்சியில் இறங்கினார் என்றால், இக்கார் இங்கு எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பது விளங்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், கொட்டிலில் உறங்கிய பழைய வண்டிகள் பல மறுபடியும் வீதிக்கு வந்தன. வீதிக்கு வரும் பழைய வண்டியில் முதலிற் பார்க்க வேண்டிய இடங்களுள் பின் சக்கரக் குடமும் ஒன்று.

குடம் என்பது என்ன?

மாட்டு வண்டியை அறிந்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். வண்டிச் சக்கரத்தின் நடுவே, ஆரக்கால்கள் வந்து பொருந்தும் பாகத்தைக் குடம் என்கிறோம். அச்சு அசையாமல் நிற்க, குடம் அதன்மேற் சுழல்கிறது. உராய்வைத் தணிக்க விளக்கெண்ணெயில் வைக்கோற் சாம்பலைக் குழைத்து வண்டிமை பூசுவார்கள். மை வெளியே வழிந்தாலும் நட்டம் பெரிதன்று; வண்டிக்காரரின் வேட்டியிற் கறை படும், அவ்வளவே.

நாம் பேசும் காரிலும் அமைப்பு ஏறத்தாழ அதுவேதான். பின் அச்சுக்கூடு ஓர் இரும்புக் குழாய், அது சுழலாது. அதன் நுனியில் ஒரு பெயரிங். பெயரிங்கின் மேல் குடம். டிஃபரன்ஷலிலிருந்து வரும் அச்சுத்தண்டு குழாயின் உள்ளே ஓடி, நுனியிலுள்ள தட்டினால் குடத்தின் முகத்தோடு பொருந்திச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. டிஃபரன்ஷலுக்கு ஊற்றும் கியர் ஒயில் குழாய் வழியாக வந்து பெயரிங்கையும் நனைக்கிறது. வண்டிமை பூசுவாரின்றித் தானே மசகிடும் நல்ல ஏற்பாடு இது.

ஆனால் அங்கு வந்த எண்ணெய் இரண்டு வாயில்களால் வெளியேறப் பார்க்கும். ஒன்று, பெயரிங்கிற்கு உட்பக்கமாகக் குடத்துக்கும் அச்சுக்கூட்டுக்கும் இடையேயுள்ள வெளி. அதைக் காப்பது ஒயில் சீல். மற்றது, குடத்தின் முகமும் அச்சுத்தண்டின் தட்டும் சேருமிடம்; அதைக் காப்பது மெல்லிய கடதாசி கஸ்கட். பிந்திய வண்டிகளில் ஒரு றப்பர் வளையமும் அங்கே உண்டு. இந்த இரண்டு வாயில்களையும் சுற்றி நிற்பது பிறேக் டிரம். காவல் தளர்ந்தால் எண்ணெய் நேரே பிறேக்குக்குள் போகும்.

முதலில் திரவத்தை அறியுங்கள்

சக்கரத்தில் ஈரம் கண்டவுடன் அது கியர் ஒயில்தான் என்று முடிவுசெய்துவிடக் கூடாது. நாம் பிறேக் ஒயில் என்று பெயர் சொல்லி அழைக்கும் திரவம் உண்மையில் எண்ணெய் அன்று. அது சக்கர சிலிண்டரிலிருந்து கசிந்தாலும் அதே இடத்தில்தான் ஈரம் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய, வீட்டிலிருந்து ஒதுக்கிவிட்ட கண்ணாடிப் போத்தலொன்று போதும். தண்ணீர் ஊற்றி, அந்த ஈரத்தில் ஒரு துளியை விடுங்கள். கியர் ஒயில் மேலே மிதக்கும். அதற்கென்றே ஒரு கடும் கந்தக வாடையும் உண்டு. சாதாரணமாக நாம் பயன்படுத்தும் பிறேக் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும். கலந்தால் பிறேக் தொட்டியின் மட்டத்தைப் பாருங்கள். சிலிண்டரைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அத்திரவம் நஞ்சு. சமையற் பாத்திரங்களில் இச்சோதனையைச் செய்ய வேண்டாம். போத்தலைக் குழந்தைகளின் கைக்கு எட்டவிடவும் வேண்டாம்.

சீல் மட்டுமா குற்றவாளி?

வண்டியைக் கறாஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் நடக்கும் உரையாடல் இதுதான்.

"சீல் போயிட்டுது ஐயா. புதுசு போட்டுத் தாறன்."

"சரி பாஸ், போடுங்கள்."

புதுச் சீல் போடப்படும். ஒரு மாதம் கழிந்ததும் பழைய ஈரம் மறுபடி தோன்றும். சீல் மட்டமானது என்று பழிசொல்லி இன்னொன்று வாங்குவார்கள். இவ்விடத்தில் ஐயா கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "பாஸ், எண்ணெய் ஏன் வெளியே வந்தது?" காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, மூச்சுத்துளை. அச்சுக்கூட்டின் மேற்பக்கத்தில் காற்று வந்துபோவதற்கென்று சிறு துளையொன்று வைத்திருக்கிறார்கள். சேறும் புழுதியும் அதை அடைத்துவிட்டால் அச்சுக்கூடு மூடிய பானையாகிவிடும். உள்ளேயுள்ள காற்று 25 பாகை வெப்பத்திலிருந்து 75 பாகைக்குச் சூடேறினால் அதன் அமுக்கம் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு கூடும். மலைநாட்டிலோ இன்னுமொரு காரணம் சேர்ந்துகொள்கிறது. சுமார் 1000 மீற்றர் உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அமுக்கம் பத்திலொரு பங்குக்குக் குறையாமல் தாழும். உள்ளே கூட, வெளியே குறைய, நடுவில் அகப்படுவது சீலின் மெல்லிய உதடு. சமவெளியில் கசியாத வண்டி மலையேறியதும் கசிவதற்கு இது ஒரு காரணம். துளையைத் துடைத்து, கம்பி விட்டு அடைப்பை எடுத்துவிட ஐந்து நிமிடம் போதும்; செலவு எதுவுமில்லை.

இரண்டாவது, எண்ணெயின் மட்டம். இந்த அச்சு கொள்வது ஏறத்தாழ 1 லீற்றர்தான். வண்டி சமதரையில் நிற்க, ஊற்றும் துளையின் விளிம்பு வரையே எண்ணெய் நிற்க வேண்டும். சரிவில் நிறுத்திவிட்டு ஊற்றினால் கணக்குத் தவறும். அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று ஊற்றுவோரும் உண்டு. மிகையான எண்ணெய், வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்போதும் வளைவுகளில் திரும்பும்போதும் குழாய் வழியே ஓடிக் குடத்தில் நிறைந்துவிடும். தோட்டத்துப் பாதையோரத்தில் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்த்து நிறுத்தப்படும் வண்டியில், தாழ்ந்த பக்கத்துச் சக்கரம் முதலிற் கசியும்.

மூன்றாவது, கடதாசி கஸ்கட். இதைக் கிழித்துவிட்டு, தடித்த மட்டையில் வீட்டிலேயே வெட்டி வைத்துவிடும் பழக்கம் உண்டு. அதனால் விளையும் தீமையைச் சற்றுப் பின்னே விளக்குவோம்.

நான்காவதாகவே சீல் வருகிறது. சீலின் உதடு காய்ந்து வெடித்திருக்கலாம். அல்லது அது உரசி ஓடும் உலோகத் தளத்தில் பல ஆண்டு ஓட்டத்தால் ஒரு வரிப்பள்ளம் விழுந்திருக்கலாம். விரல் நகத்தை அத்தளத்தில் ஓட்டினால் பள்ளம் தடுக்கும். அப்படித் தடுத்தால் எத்தனை புதுச் சீல் போட்டும் பயனில்லை. தளத்தைச் சரிசெய்ய வேண்டும், அல்லது சீலின் உதடு பள்ளத்தை விட்டு விலகி ஓடுமாறு பொருத்த வேண்டும்.

ஐந்தாவது, பெயரிங். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் தளர்ச்சி தெரியும். சுழற்றினால் இரைச்சல் கேட்கும். பெயரிங் ஆடினால் குடமும் ஆடும். குடம் ஆடினால் எந்தச் சீலும் நில்லாது.

வேலை செய்யும் முறை

இந்த வேலையை எல்லோரும் தாமே செய்ய வேண்டும் என்பதன்று நமது கருத்து. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் ஒழுங்கு தெரிந்திருந்தால், வேலை ஒழுங்காக நடக்கும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். டிரம்மைக் கழற்றுவதற்குக் கைப்பிறேக்கைத் தளர்த்த வேண்டியிருப்பதால், அந்தக் கட்டைகளே வண்டிக்குக் காவல். ஜாக்கினால் தூக்கியபின் உறுதியான தாங்கியின்மேல் அச்சை இறக்குங்கள். ஜாக்கை மாத்திரமோ, அடுக்கிய செங்கற்களையோ நம்பி எவரும் வண்டியின் கீழ் கைநீட்டக் கூடாது.

சாதாரணத் தட்டுச் சக்கரமுள்ள வண்டியில், சக்கரத்தை எடுத்தபின் டிரம்மைப் பிடித்திருக்கும் இரு திருகாணிகளைக் கழற்றி டிரம்மை எடுக்கலாம். அடுத்து அச்சுத்தண்டின் தட்டிலுள்ள ஒற்றைத் திருகாணியைக் கழற்றித் தண்டை வெளியே இழுத்தால், உள்ளே பெரிய நட்டொன்று தெரியும். அதைப் பூட்டியிருக்கும் வாசரின் மடிப்பை நிமிர்த்திவிட்டு, உரிய சாவியாற் கழற்ற வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வண்டியின் இடப்பக்கத்து நட்டு இடமரை உடையது. வழக்கத்துக்கு மாறான திசையிலேயே கழலும். இதையறியாமல் உளியும் சுத்தியலும் கொண்டு அடித்து மரையை அழித்த வண்டிகள் அநேகம். நட்டு வந்தபின் புல்லர் கொண்டு குடத்தை நேராக இழுத்தெடுக்கலாம்.

புதுச் சீலைப் பொருத்தும்போது அதன் உதடு பெயரிங்கை, அதாவது எண்ணெய் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் சிறிது எண்ணெய் தடவிச் சாய்வின்றி அழுத்துங்கள். காய்ந்த உதடு முதல் மைலிலேயே கருகிவிடும்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. பெயரிங்கை முழுவதும் உள்ளே அழுத்தி, கடதாசி கஸ்கட்டைக் குடத்தின் முகத்தில் வைத்துப் பார்த்தால், பெயரிங்கின் வெளிவளையம் கஸ்கட்டையும் தாண்டி 0.001 அங்குலத்திலிருந்து 0.004 அங்குலம் வரை வெளியே நிற்க வேண்டும். மில்லிமீற்றரிற் சொன்னால் 0.025 முதல் 0.10 வரை, ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு. அச்சுத்தண்டின் தட்டு இறுகும்போது முதலில் அந்த வளையத்தைப் பிடித்து அசையாமல் நிறுத்தவும், பின் கஸ்கட்டை நெருக்கவும் இந்த இடைவெளி வகைசெய்கிறது. தடித்த மட்டையில் வெட்டிய கஸ்கட்டை வைத்தால் தட்டு வளையத்தைத் தொடாது. வளையம் குடத்துக்குள் நகர்ந்துகொண்டேயிருக்கும், குடம் தள்ளாடும், சீலும் கஸ்கட்டும் இரண்டுமே விரைவிற் கெடும். முன்னே சொன்ன ஒரு மாதக் கதைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தத் தலைமயிர்க் கணக்கே ஒளிந்திருக்கிறது. சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே முற்றிலும் பொருந்தும்.

பூட்டு வாசரைப் புதிதாகப் போட்டு, நட்டை இறுக்கி, மடிப்பை மடக்கி, மற்றவற்றைக் கழற்றியதற்கு எதிர்வரிசையிற் பூட்டுங்கள். உதிரிப்பாகம் வாங்கும்போது வண்டியின் ஷஸி இலக்கத்தைச் சொல்லி வாங்குவது நல்லது. ஒரே குடும்பமாயினும் பிள்ளைகளுக்குள் சிறு வேறுபாடுகள் உண்டு.

எண்ணெய் குடித்த லைனிங்

மாசி மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதியுலா வருகின்றன. தேர்ச் சக்கரத்தை அடக்குவதற்கு முட்டுக்கட்டை போடுபவரிடம், எண்ணெயில் ஊறிய கட்டையை எவராவது கொடுப்பார்களா? காரிலும் அப்படியேதான். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெற்றோலிற் கழுவி, தீயிற் காட்டி மறுபடி போடும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும், மலையிறக்கத்திற் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும். பெற்றோலும் நெருப்பும் ஒரே முற்றத்தில் இருப்பதன் ஆபத்து வேறு.

எண்ணெய் பட்ட லைனிங் எப்போதும் வழுக்கும் என்றும் சொல்ல முடியாது. சிலவேளை திடீரென்று பற்றிக்கொள்ளும். ஒரு சக்கரம் பற்ற, மற்றது வழுக்க, ஈரமான வளைவில் வண்டியின் பின்பாகம் வீசிவிடும். மேலும் இந்தக் கார்களிற் கைப்பிறேக் வேலைசெய்வது பின் சக்கரங்களில் மாத்திரமே. குழந்தைகள் உள்ளே இருக்க, சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகிறவர் நம்பியிருப்பது அந்த எண்ணெய் குடித்த லைனிங்கைத்தான்.

ஆகவே, ஒரு பக்கமே நனைந்திருந்தாலும் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் ஒருங்கே புது லைனிங் போட வேண்டும். டிரம்மை நன்கு துடைத்து, எண்ணெய்ப் பசை சிறிதுமின்றிச் செய்ய வேண்டும். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய பகை. காற்றடித்தோ உலர்ந்த தூரிகையாற் பெருக்கியோ அத்தூளைக் கிளப்பாதீர்கள். ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியோடு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்நேரத்தில் சிறுவர்கள் அருகில் நிற்க வேண்டாம்.

வேலை முடிந்தபின் உடனே மலைக்குப் புறப்படாமல், நகரைச் சுற்றி இருபது முப்பது கிலோமீற்றர் ஓட்டி, சமதரையில் பிறேக்கைச் சோதித்து, சக்கரத்தின் உட்புறத்தை மறுபடி பாருங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை பார்த்தாற் போதும். அதற்கு மெக்கானிக்கும் வேண்டியதில்லை. இரவில் வண்டியை நிறுத்தும்போது பின் சக்கரங்கள் இரண்டின் உட்புறத்திலும் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்துவைத்து, காலையில் முற்றம் பெருக்கும்போது எடுத்துப் பாருங்கள்; தாளில் துளி விழாவிட்டாலும் ரயரின் உட்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். இதை வீட்டில் யாரும் செய்யலாம். இப்பக்கத்தை வாசித்து முடித்தபின் இத்தாளையே அதற்குப் பயன்படுத்தினாலும் நமக்கு வருத்தமில்லை.